வாவிக்கு ஒரு கெபின் படகு: வளவுக்குள் கட்ட நினைப்பவர்கள் கேட்பவை

மட்டக்களப்பு வாவியில் குடும்பத்தோடு ஓடித் திரிய, தேவைப்பட்டால் ஓரிரவு தங்க, ஒரு சின்னக் கெபின் படகை வீட்டிலேயே மரத்தால் கட்டலாமா என்று கேட்போர் கூடிவிட்டார்கள். கல்லடியில் கேட்பதும் களுவாஞ்சிகுடியில் கேட்பதும் கல்முனையில் இருந்து போன் எடுத்துக் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். நான் மனதில் வைத்துப் பதில் சொல்வது 18 அடி நீளம், ஆறரை அடி அகலம், தட்டையான அடி, முன்பக்கம் கெபின், பின்பக்கம் திறந்த இருக்கை, அவுட்போட் எஞ்சின் கொண்ட படகை.

அண்ணே, மரவேலை ஒண்டும் தெரியாது. வீட்டில வெச்சி இத கட்டேலுமா?

ஏலும். அளவு நாடாவைச் சரியாகப் பிடித்து, கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே வெட்டத் தெரிந்தால் போதும். பிளைவூட்டைத் தையல் போட்டு ஒட்டும் முறை ஒன்று இருக்கிறது. துண்டுகளை வெட்டி, ஓரங்களில் சிறு துளை போட்டு, செப்புக் கம்பியால் முறுக்கிச் சேர்த்துக்கொள்வது. பிறகு உள்மூலைகளில் எபொக்சிப் பசையை (பிசினும் ஹாட்னரும் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகுவது) தடிப்பாக வழித்து, அதன்மேல் கண்ணாடி இழை நாடா ஒட்டுவது. பசை இறுகியதும் கம்பியை உருவிவிடலாம். 1963 இல் இங்கிலாந்தில் வந்த ‘மிரர்’ என்ற சிறு பாய்ப்படகுதான் இந்த முறையை வீடு வீடாகக் கொண்டுபோனது. அதை வாங்கிக் கட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் தச்சர்கள் அல்ல.

வேலை கடினமில்லை, ஆனால் நீளம். அதில் பாதி தேய்ப்பு வேலை. தேய்க்கப் பொறுமை இல்லாதவர் தொடங்க வேண்டாம்.

நெட்டில வடிவான படம் கெடக்கு. அதப் பாத்து அளவக் கொஞ்சம் கூட்டிக் கட்டினா என்ன?

படத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள், வரைபடம் வாங்குங்கள். படகு வடிவமைப்பாளர்கள் துண்டு துண்டாக அளவு குறித்து விற்கிறார்கள். முழுச் செலவோடு பார்த்தால் அது சிறிய தொகை.

அளவைக் கூட்டுவதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் படகு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகாது. 1.2 ஐ மூன்று தரம் பெருக்கிப் பாருங்கள், 1.73 வரும். கொள்ளளவு முக்கால் பங்கு கூடிவிடும். பலகைத் தடிப்பு, எஞ்சின், பாரம் எல்லாம் பிறகு வேறு படகுக்கு உரியவை. நீளத்தை மட்டும் பத்து வீதமளவில் கூட்ட அநேக வரைபடங்கள் இடம் தரும். அகலத்தையும் கெபின் உயரத்தையும் தொட வேண்டாம்.

நம்மட வாவிக்கு எப்பிடி அடி வேணும்? கூர் அடி நல்லம் எண்டுறாங்களே?

கூர் அடி கடல் அலையை வெட்டுவதற்கு. நம்முடைய வாவி 56 கிலோமீற்றர் நீண்டு கிடந்தாலும் ஆழத்தில் சின்னப்பிள்ளை. பெரும்பாலான இடங்களில் ஒன்றரை மீற்றர், ஓரங்களில் முழங்கால் அளவு. வற்றுப்பெருக்கை விட மழையும் முகத்துவாரமும்தான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. மார்கழியில் மிதந்து போன இடத்தில் ஆவணியில் சேற்றில் இருப்பீர்கள்.

ஆகவே தட்டை அடி, அல்லது மிகச் சாய்வு குறைந்த அடி. நான் சொன்ன அளவுப் படகு நீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஐந்தேகால் சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றர் தாழ 52 கிலோ வேண்டும். வெறும் படகு 400 கிலோவைச் சுற்றி, நாலு பெரியவர்கள் 260, எஞ்சின், எரிபொருள், பற்றரி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 750 கிலோ என்று வையுங்கள். ஒரு சாணுக்குள் தாழ்ந்து நிற்கும். எஞ்சின் கால்தான் அதைவிட ஆழம் போகும். கரையை அண்டும்போது அதைத் தூக்கிவிட்டுக் கம்பால் ஊன்றி வர வேண்டும். கம்பு இல்லாமல் வாவியில் இறங்கக் கூடாது.

இந்த 52 கிலோக் கணக்கை நினைவில் வையுங்கள். கீழே பல கேள்விகளுக்கு அதுதான் பதில்.

கெபினுக்குள்ள நிமிந்து நிக்கேலுமா?

18 அடிப் படகில் நிமிர்ந்து நிற்கக் கெபின் போட்டால் அது படகு அல்ல, மிதக்கும் அலுமாரி. உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் போதும், அதாவது இருக்கைக்கு மேல் மூன்று அடி.

காரணம் இரண்டு. ஒன்று, பாலங்கள். கல்லடி, கோட்டைமுனை, வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று வாவியைப் பாலங்கள் குறுக்கறுக்கின்றன. நீங்கள் போக நினைக்கும் பாதையில் உள்ள மிகத் தாழ்ந்த பாலத்தின் கீழ் ஒரு தோணியில் போய்க் கம்பு வைத்து அளந்து வாருங்கள். வெள்ளக் காலத்தில் அளக்க வேண்டும். கோடையில் அளந்த இடைவெளி மழைக்குச் சுருங்கிவிடும்.

இரண்டு, காற்று. கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் உயர்ந்த கெபின் சுவரே பாயாகிவிடும். அடியில் ஆழமில்லாத படகு பக்கவாட்டில் நழுவும். துறையில் அணையும்போது படகு சொன்ன பேச்சுக் கேளாது.

அந்தக் காலத்தில ஓடாவிமார் பலகையிலதானே கட்டினாங்க. பிளைவூட் எண்டா நம்பிக்க இல்ல.

ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர், கட்டிய தோணியைக் குறை சொல்ல யாராலும் ஏலாது. ஏராவும் (அடியின் நடு நீளமரம்) வங்கும் (விலாச் சட்டம்) பலகையும் அவர் கண்ணளவிலேயே பொருந்தும். ஆனால் அந்தப் படகு தண்ணீரில் கிடக்கவென்று கட்டியது. பலகை ஊறி உப்பினால்தான் இடைவெளி அடைபடும். வீட்டுப் படகு வாரத்தில் ஆறு நாள் கரையில் வெயிலில் நிற்கப்போகிறது. பலகை காய்ந்து வாய் பிளக்கும், ஞாயிற்றுக்கிழமை இறக்கினால் உள்ளே தண்ணீர்.

மற்றது எடை. முதிரையும் பாலையும் உறுதிதான், பாரமும்தான். முழுக்க அவற்றால் கட்டி, அதன்மேல் கெபினும் ஏற்றினால் மேலே சொன்ன 750 கிலோ எங்கேயோ போய்விடும். சட்டங்களுக்கும் ஏராவுக்கும் உள்ளூர் மரத்தைப் பாவியுங்கள். மரக்காலையில் ஈரம் குறைந்த துண்டாகப் பார்த்து எடுத்து, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வன்மரங்களில் எண்ணெய்ப் பிடிப்பு உள்ளவற்றை ஒட்டுமுன் அசிற்றோனால் துடைக்க வேண்டும். தேக்குக்கு இது கட்டாயம்.

ஹாட்வெயாரில ‘வாட்டர்ப்ரூஃப்’ எண்டு சீல் அடிச்சித் தாறாங்க. அது காணாதா?

சீலை நம்பாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் தாளை நிமிர்த்தி வைத்து வெட்டுமுகத்தில் கண்ணை ஓட்டுங்கள். அடுக்குகளுக்கு நடுவே கரிய ஓட்டை தெரிந்தால் அது உள்ளே எங்கோ வெற்றிடமாக நீளும். படகு வளையும்போது அந்த இடத்தில்தான் முறியும். பிரித்தானியத் தரம் பி.எஸ். 1088 என்று அச்சிட்ட மரைன் பிளைவூட்டில் இப்படி இருக்கக் கூடாது. ஆனால் அச்சு அடிக்க மை மட்டும் போதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். உள்ளங்கை அளவு துண்டொன்றை வெட்டி, பழைய சட்டியில் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். எடுத்து வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். திரும்பவும் கொதிக்க விடுங்கள். இப்படி நாலைந்து சுற்றுக்குப் பிறகு நகத்தை அடுக்குகளுக்கிடையே விட்டுக் கிளப்பிப் பாருங்கள். பசை நல்லதென்றால் மரம்தான் நார் நாராகப் பிய்யும், அடுக்கு பிரியாது. பசை கெட்டதென்றால் கொதிக்கும்போதே புத்தகம் போல விரிந்துவிடும். அந்தக் கடைக்குத் திரும்பிப் போக வேண்டாம்.

அடிக்கும் பக்கத்துக்கும் 9 மில்லிமீற்றர், கெபினுக்கும் கூரைக்கும் 6. ‘எதுக்கும் பாதுகாப்பா 12 போடுவம்’ என்று சொல்லும் மாமா எல்லா வீட்டிலும் இருக்கிறார். 9 மில்லிமீற்றர்த் தாள் ஒன்று மரத்தைப் பொறுத்து 14 முதல் 18 கிலோ. அதைப் பன்னிரண்டாக்கினால் ஒவ்வொரு தாளிலும் மூன்றில் ஒரு பங்கு பாரம் ஏறும்.

எட்டடித் தாளில 18 அடிப் படகு எப்பிடி வரும்?

இரு தாள்களின் முனைகளைச் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து எபொக்சியால் ஒட்டுவது. சாய்வு ஒன்றுக்கு எட்டு. 9 மில்லிமீற்றர்த் தாளுக்கு 72 மில்லிமீற்றர் நீளத்துக்குச் சீவ வேண்டும். சரியாகச் சீவினால் ஒட்டு வரிகள் நாடா விரித்ததுபோல் நேராகத் தெரியும், அலை அலையாக நெளிந்தால் இன்னும் சீவ வேண்டும். கை வராதவர் முனைகளை முட்டவைத்து, உள்ளே ஒரு துண்டுப் பட்டை வைத்து ஒட்டலாம். வளைவு அதிகமான இடத்தில் அது சரிவராது.

வாழைச்சேனையில பைபர் போட் செய்ற ரெசின் லேசா கிடைக்கும். எபொக்சிக்கு ஏன் அவ்வளவு காசு?

பைபர் போட்டுக்கு ஊற்றுவது பொலியெஸ்ரர் ரெசின். அச்சுக்குள் இழையோடு சேர்ந்து தானே ஓடாகும்போது அது நல்ல பொருள். மரத்தில் பிடிக்கும் சக்தி அதற்குக் குறைவு. இறுகும்போது சுருங்கும், பிறகு மரம் ஈரத்தில் விரியும். இரண்டு மூன்று மாரிக்குள் தோல் உரிந்ததுபோல் தாளாகக் கிளம்பிவரும். கிளம்பிய இடத்துக்குள் தண்ணீர் தங்கும். எபொக்சி மரத்தைப் பிடித்தால் மரம் பிய்ந்துதான் விடும்.

காசை மிச்சம் பிடிக்கப் பாதி எபொக்சி, பாதி பொலியெஸ்ரர் என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். எபொக்சிமேல் பொலியெஸ்ரர் சரியாக இறுகாது. இன்னொரு பொறி: பைபர் போட் கடைகளில் கிடைக்கும், குறுக்கும் மறுக்குமாக இழை சிதறிய மெத்தை. அந்த இழைகளைப் பிடித்திருக்கும் பசை பொலியெஸ்ரரில் உள்ள ஸ்ரைரீனில்தான் கரையும். எபொக்சியில் அது விறைத்து நிற்கும், குமிழி போகாது. எபொக்சிக்கு நெய்த துணிதான், சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில்.

கலந்து அஞ்சு நிமிசத்தில கோப்பைக்குள்ளேயே புகைஞ்சி கல்லாப் போயிட்டு. கள்ளச் சாமானா?

சாமான் சரி, கோப்பைதான் பிழை. எபொக்சி இறுகும்போது சூடு தரும். ஆழமான கோப்பைக்குள் அந்தச் சூடு வெளியேறாமல் தன்னைத் தானே இன்னும் வேகப்படுத்தும். முதலில் கையில் இளஞ்சூடு தெரியும், பிறகு கோப்பை நெளியும், பிறகு புகை. பத்துப் பாகை சூடு கூடினால் வேலை செய்யும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். போத்தலில் எழுதியிருக்கும் நேரம் அநேகமாக 20, 25 பாகைக்கு உரியது. சித்திரை மத்தியானத்தில் நம் கொட்டிலுக்குள் அந்த நேரம் கிடைக்காது.

மெதுவான ஹாட்னர் வாங்குங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி வெயில் ஏறுமுன் ஒட்டுங்கள், பின்னேரம் தேய்ப்பு வேலை. சிறிது சிறிதாகக் கலந்து, கலந்த உடனே ஐஸ்கிறீம் டப்பா மூடி போன்ற அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் நேரம் கிடைக்கும். விகிதத்தைக் கண்ணால் அளக்காதீர்கள், தராசு வையுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹாட்னரைக் கூட்டுவது பொலியெஸ்ரர்க்காரர்களின் பழக்கம். எபொக்சியில் அப்படிச் செய்தால் அது கடைசிவரை இறுகாது.

இறுகிய பின் மேலே மெழுகு போல் ஒரு படலம் வரும், ஈரக்காற்றில் இன்னும் கூடுதலாக. தேய்க்குமுன் தண்ணீரால் உரசிக் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் மெழுகைத்தான் பெயின்ற்றுக்குக் கீழே பூசுகிறீர்கள். கையுறை கட்டாயம். எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு போகாது.

என்ன ஆணி அடிக்கிறது?

முடிந்தால் ஒன்றும் வேண்டாம். பசை இறுகும்வரை பிடிக்க ஸ்குரூ போட்டு, பிறகு கழற்றி ஓட்டையை அடைத்துவிடுங்கள். நிரந்தரமாக நிற்க வேண்டிய இடத்தில் 316 தர ஸ்ரெயின்லெஸ். பித்தளை உப்புத்தண்ணீரில் துத்தநாகத்தை இழந்து, வெளியே பார்க்க நன்றாகவும் உள்ளே பஞ்சாகவும் ஆகிவிடும்.

எந்த மாசம் தொடங்கலாம்? கொட்டில் எப்பிடி?

மாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை ஈரமில்லாத நாட்கள் கிடைக்கும். ஐப்பசிக்குள் ஓடு, அதாவது படகின் உடல், முடிந்து எபொக்சி பூசியிருக்க வேண்டும். கிடுகுக் கொட்டில் மிக நல்லது, பொலித்தீன் விரிப்பு உள்ளே அடுப்பாக்கிவிடும்.

கொட்டில் போடுமுன் கேற்றை அளந்து பாருங்கள். ஆறரை அடிப் படகு ஆறடிக் கேற்றால் வராது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் மதிலை உடைத்த கதைகள் ஊரில் உண்டு. ஒழுங்கையின் திருப்பமும் பார்க்க வேண்டியது. அடிப்பகுதிக்குத் துணி ஒட்டப் படகைக் கவிழ்த்து, பிறகு நிமிர்த்த வேண்டும். கெபின் போடுமுன் அதைச் செய்துவிடுங்கள். பழைய ரயர்களைப் பரப்பி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, சோறு சமைத்து வைத்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

எஞ்சின் எத்தின குதிர? 40 போட்டா பறக்குமா?

பறக்காது, பின்பக்கம் அமுங்கும். இந்த வகை ஓடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவது. 16 அடி நீர்க்கோட்டு நீளத்துக்கு (படகு தண்ணீரைத் தொடும் நீளம்) இயல்பான வேகம் மணிக்குப் பத்து கிலோமீற்றர் அளவு. அதற்கு 8 முதல் 15 குதிரைவலு தாராளம். எஞ்சினை வாங்கிய பிறகே பின்பலகையின் உயரத்தை வெட்டுங்கள். குறுங்கால் எஞ்சினுக்கு 15 அங்குலம், நெடுங்காலுக்கு 20. விசிறிக்கு மேலுள்ள தட்டு அடியோடு மட்டமாக வர வேண்டும்.

ஆற்றுவாழை மண்டிக் கிடக்கும் இடத்தில் எந்த எஞ்சினும் ஒன்றுதான். நிறுத்தி, தூக்கி, கையால் பிடுங்க வேண்டும். வலைகளும் அப்படியே. இரவில் கட்டிய வலையில் ஏறுவது உங்கள் விசிறிக்கு மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்புக்கும் கேடு. இருட்டில் ஓடாதீர்கள்.

எல்லாமா எவ்வளவு முடியும்?

பிளைவூட்டும் எபொக்சியும் இறக்குமதி, விலை டொலரோடு ஏறி இறங்கும். எழுதும் தொகை அடுத்த மாதமே பொய்யாகும். பட்டியல் தருகிறேன், கடையில் விலை கேளுங்கள்: 9 மில்லிமீற்றரும் 6 மில்லிமீற்றரும் கலந்து 14 தாள்கள், எபொக்சி 25 கிலோவுக்குக் குறையாமல், துணியும் நாடாவும், சட்டமரம், பெயின்ற். அதைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். ஓடு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சின், சன்னல், மெத்தை, வயர், நங்கூரம், வண்டில் மீதி இரண்டு பங்கையும் சத்தமில்லாமல் தின்னும்.

பதிவு செய்ய வேணுமா?

மீன் பிடிக்கப் பாவிப்பதென்றால் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அதற்கான திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். காசுக்கு ஆட்களை ஏற்றுவதென்றால் அது வேறு வழி, வேறு பரிசோதனை. எதுவானாலும் பலகை வெட்டுமுன் போய்க் கேளுங்கள். கட்டி முடித்துவிட்டுக் கேட்டால் மாற்றச் சொல்வதை மாற்ற ஏலாது.

முகத்துவாரத்தால கடலுக்கு எடுக்கலாமா? சும்மா ஒரு எட்டுப் பாத்திட்டு வாறதுக்கு?

வேண்டாம். பாலமீன்மடுப் பக்கம் வாய் திறந்திருக்கும் காலத்தில் வாவித்தண்ணீர் வெளியே ஓட, கடலலை எதிரே வர, இரண்டும் மோதும் மணல்திட்டில் அலை நிமிர்ந்து உடையும். தட்டை அடியும் மேலே கெபினும் உள்ள படகு அங்கே பக்கவாட்டில் திரும்பினால் கவிழும். கரைவலைக்காரரும் கடலோடிகளும் அந்த இடத்தை எப்படிப் பார்த்துப் போகிறார்கள் என்று கரையில் நின்று கவனியுங்கள். அவர்களின் படகும் அதற்கென்று கட்டியது.

கூரையில ஏறி இருந்து போட்டோ எடுக்கலாமா?

52 கிலோக் கணக்குக்குத் திரும்புவோம். அது படகு நேராகத் தாழும் கணக்கு. நாலு பேர் கூரையில் ஏறினால் 260 கிலோ ஆளுயரத்துக்குப் போகிறது, படகே 400 கிலோதான். எல்லாரும் ஒரே பக்கம் மீன் பார்க்க எட்டினால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கூரையை 6 மில்லிமீற்றரில் போடச் சொன்னதற்கு ஒரு காரணம், யாரும் அதில் ஏற நினைக்கக் கூடாது என்பது.

உள்ள படுத்து, தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம்தானே?

படுக்கலாம், நுளம்புவலையோடு. அடுப்பைப் பின்பக்கத் திறந்த இடத்தில் மூட்டுங்கள். சமையல் காஸும் பெற்றோல் ஆவியும் காற்றைவிடப் பாரமானவை, கசிந்தால் மேலே போகாமல் அடிப்பள்ளத்தில் தேங்கும். ஒரு சுவிட்ச் பொறி போதும். பெற்றோல் தாங்கி கெபினுக்குள் வரவே கூடாது. கரி அடுப்பை மூடிய கெபினுக்குள் வைப்பது அதைவிட மோசம், அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், பிள்ளைகளுக்குப் பிள்ளை அளவில்.

மரம்தானே, உக்காதா? எத்தின வருசம் நிக்கும்?

எல்லாரும் பயப்படுவது கீழே உள்ள உப்புத்தண்ணீருக்கு. மரப்படகை அழிப்பது மேலிருந்து வரும் மழைத்தண்ணீர். உக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு உப்புப் பிடிக்காது, நல்லதண்ணீர் பிடிக்கும். கெபின் மூலையில், சன்னல் சட்டத்தின் கீழ், தளத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் மழைத்தண்ணீர் தேங்கி, மூடிய கெபினுக்குள் காற்றும் ஓடாவிட்டால் ஒரு மாரியே போதும். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் தண்ணீர் ஓட ஓட்டை விடுங்கள். கெபினுக்கு முன்னும் பின்னும் காற்றுவழி வையுங்கள். பிளைவூட்டின் வெட்டோரங்களுக்கு எபொக்சி இரண்டு மூன்று தடவை குடிக்கக் கொடுங்கள். ஸ்குரூ போகும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் பெரிய ஓட்டை போட்டு, எபொக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே சின்ன ஓட்டை போட்டு முடுக்குங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான்.

புழு வேறு விசயம். உவர்நீரில் மரம் துளைக்கும் கப்பல்புழு உண்டு. துணியும் எபொக்சியும் முழுதாக இருக்கும்வரை அது நுழையாது. மணலில் இழுத்து அடி உரசிய இடத்தை உடனே அடையுங்கள். வெளியே வெள்ளை அல்லது வெளிர் நிறம் பூசுங்கள். வெயிலில் எபொக்சி சிதையும் என்பதால் பெயின்ற் வேண்டும், கருநிறம் சூடேறி எபொக்சியை இளக்கும் என்பதால் வெளிர்நிறம் வேண்டும்.

கார்த்திகைக்கு முன் படகைக் கரையேற்றி, கவிழ்க்க முடியாவிட்டாலும் முன்பக்கத்தை உயர்த்தி, கூடாரம் போட்டு, மரத்தோடு கட்டிவிடுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் வீட்டில் இருந்தால் எவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

சுனாமிக்குப் பிறகு தந்த பழைய பைபர் போட் ஒண்டு கெடக்கு. அதில கெபின் போட்டா இவ்வளவு வேலையும் மிச்சம்தானே?

சில வேளை மிச்சம். அந்த ஓடுகள் அலைக்குள் ஓடக் கட்டியவை, அநேகமாக ஒடுக்கம். ஒடுங்கிய ஓட்டின்மேல் உயரக் கெபின் ஏற்றினால் கூரையில் ஆள் ஏறியதுபோல்தான், அதுவும் நிரந்தரமாக. முன்பக்கம் தாழ்வான ஒரு மறைப்பு, பின்னால் துணிக்கூரை, அவ்வளவோடு நிறுத்தலாம்.

வாங்குமுன் சின்னச் சுத்தியலால் ஓடு முழுவதும் தட்டிக் கேளுங்கள். கணீர் என்ற சத்தம் ‘டொக்’ என்று செத்துப்போகும் இடத்தில் இழை பிரிந்திருக்கிறது. பின்பலகைக்குள் இருக்கும் மரத்தைப் பார்க்க எஞ்சின் போல்ட் ஓட்டையில் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். ஈரமான கரிய தூள் வந்தால் பின்பலகை முழுவதும் மாற்ற வேண்டும். பொலியெஸ்ரர் ஓட்டில் மரத்தை ஒட்ட எபொக்சி பாவிக்கலாம், பழைய மேற்பூச்சை இழை தெரியும்வரை கிரைண்டரால் எடுத்த பிறகு.